லேண்ட்குரூசர் 79 பிக்கப்புக்கு டர்போ இன்ஜின்: விக்டோரியாவில் இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு

டொயோட்டா லேண்ட்குரூசர் 79 பிக்கப் 1999-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இருப்பது 1ஹெச்இசட் என்ற 4.2 லிட்டர் டீசல் இன்ஜின். டர்போ, அதாவது புகைவாயுவின் வேகத்தில் சுழன்று கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, கிடையாது. உழைக்கும், லேசில் உடையாது. ஆனால் பின்னால் டிரெய்லர், மேலே கூடாரம், டேங்க் நிறையத் தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டு விக்டோரியாவின் ஹை கன்ட்ரி என்ற மலைப்பகுதிப் பக்கம் ஏறினால் இரண்டாவது கியரை விட்டு மேலே போகாது. அந்த இன்ஜினை எடுத்துவிட்டு டர்போ இன்ஜினை உட்கார வைக்கும் வேலையை நான் மெல்பர்னில் முடித்தேன். இன்ஜின் வேலையை விடக் காகித வேலைதான் என்னைப் படுத்தியது. அதனால் இங்கே ஸ்பேனரைப் பற்றிக் கொஞ்சமும் காகிதத்தைப் பற்றி நிறையவும் இருக்கும்.

1. எந்த இன்ஜின் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

V8 பெட்ரோல் முதல் அமெரிக்க டீசல் வரை எதையும் இந்த வண்டியில் போட்டவர்கள் இருக்கிறார்கள். புதிதாக இறங்குபவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: டொயோட்டாவே இதே வண்டியில் போட்டு விற்ற இன்ஜினை எடுங்கள். அதன் பெயர் 1ஹெச்டி-எஃப்டிஇ. அதே 4,164 சிசி, அதே நேர்வரிசை ஆறு சிலிண்டர். ஆனால் நேரடி எரிபொருள் செலுத்தல், 24 வால்வு, டர்போ, மின்னணுக் கட்டுப்பாட்டு பம்ப். 2007-இல் V8 டீசல் வரும் வரை ஹெச்டிஜே79 என்ற பெயரில் இந்த இன்ஜினோடு பிக்கப் விற்றார்கள்.

எண்களைப் பாருங்கள். பழைய 1ஹெச்இசட் 96 கிலோவாட், 285 நியூட்டன் மீட்டர். ஹெச்டிஜே79-இல் இருந்த டர்போ 122 கிலோவாட், 380 நியூட்டன் மீட்டர். 100 சீரிஸ் லேண்ட்குரூசரில் இன்டர்கூலரோடு (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வந்த அதே இன்ஜின் 151 கிலோவாட், 430 நியூட்டன் மீட்டர். மேட்டில் நமக்கு வேண்டியது கிலோவாட் இல்லை, குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் டார்க், அதாவது நியூட்டன் மீட்டரில் சொல்லும் சுழற்று விசை. 380-க்கே வண்டி வேறு வண்டி மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு: இருக்கும் 1ஹெச்இசட்டுக்கே டர்போ கிட் போடுவது. செலவு நாலில் ஒரு பங்குகூட வராது. மிதமான பூஸ்ட்டில் (டர்போ தரும் காற்றழுத்தம்), எக்ஸாஸ்ட் வெப்பத்தைப் பார்த்து ஓட்டினால் நன்றாகவே உழைக்கும். ஆனால் அது மறைமுகச் செலுத்தல் இன்ஜின்; டீசல் முதலில் ஹெட்டில் உள்ள ஒரு சிறு முன்னறைக்குள் போய் எரியத் தொடங்கும். முன்னறை வைத்த அதன் ஹெட்டும் பிஸ்டனும் அதிக வெப்பத்தை நீண்ட நேரம் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. மாதம் ஒருமுறை முகாம் போகிறவருக்கு கிட் போதும். எடை இழுத்துக்கொண்டு தினமும் மலை ஏறுகிறவர் தொடர்ந்து படியுங்கள்.

2. இன்ஜின் வாங்கும் முன் சான்றளிக்கும் இன்ஜினியரிடம் பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆஸ்திரேலியா முழுவதற்கும் பொதுவான தொழில்நுட்ப விதித் தொகுப்பு விஎஸ்பி 14. அதில் இன்ஜின் மாற்றத்துக்கான பகுதி எல்ஏ. ஆனால் சான்றிதழ் கொடுக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விக்டோரியாவில் வாஸ் என்ற திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர் கையெழுத்திட வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் விஎஸ்சிசிஎஸ் என்ற வேறு திட்டம். குயின்ஸ்லாந்தில் அங்கீகரிக்கப்பட்ட நபர் வண்டியிலேயே ஒரு தகடு அடித்துக் கொடுப்பார். மேற்கு ஆஸ்திரேலியாவில் வேலையைத் தொடங்கும் முன்பே போக்குவரத்துத் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். வேறு மாநிலத்து நண்பர் "எனக்கு இப்படித்தான் முடிந்தது" என்று சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

வாஸ் இன்ஜினியர்களின் பட்டியல் அரசு இணையதளத்தில் இருக்கிறது. எல்லாரும் எல்லா வகை மாற்றத்துக்கும் கையெழுத்திட மாட்டார்கள். இன்ஜின் மாற்றத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேளுங்கள். அப்புறம் இவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்:

உங்கள் வண்டியின் மாடல், தயாரிப்பு மாதம், வருடம் சொல்லி, நீங்கள் நினைத்திருக்கும் இன்ஜின் எந்த வண்டியில் இருந்து வருகிறது என்றும் சொல்லுங்கள். பிரேக், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? எந்தக் கட்டத்தில் அவர் வண்டியைப் பார்க்க வேண்டும்? என்னென்ன புகைப்படம் வேண்டும்?

பொதுவான நிலை இது. அதே மாடலுக்குத் தயாரிப்பாளரே தந்த இன்ஜினை, அதனுடன் வந்த மற்ற பாகங்களையும் சேர்த்து, அப்படியே மாற்றினால் வழி மிக எளிது. 100 சீரிஸ் இன்ஜினை இன்டர்கூலரோடு போட்டு 151 கிலோவாட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது ‘டொயோட்டா இந்த வண்டிக்குத் தந்த இன்ஜின்’ என்ற கணக்கில் வராது. முழுப் பரிசோதனைக்குத் தயாராக இருங்கள்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டி தயாரான காலத்துக்கு எந்த மாசு விதி பொருந்துமோ அதைப் புது இன்ஜினும் நிறைவேற்ற வேண்டும். 2003-இல் தயாரான பிக்கப்பில் 1990-களின் 80 சீரிஸ் வண்டியில் இருந்து எடுத்த 1ஹெச்டி-டி இன்ஜினைப் போட்டால் கையெழுத்துக் கிடைப்பது சந்தேகம்தான். அந்தப் பழைய இன்ஜின் விலை குறைவு, வயரிங் எளிது என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஆரம்பகால 1ஹெச்டி-டியில் பிக் எண்ட் பேரிங் தேய்கிற பிரச்சினை வேறு உண்டு. வண்டியை விடப் பழைய இன்ஜின் பக்கமே போகாதீர்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த முறை அங்கே பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தார், பொலேரோ வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிவிட வேண்டாம்.

3. உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் இன்ஜின் எண்ணைப் பாருங்கள்

எனக்கு அதிக நேரத்தைத் தின்றது இதுதான். பதிவேட்டில் இருந்த இன்ஜின் எண் ஒன்று, பிளாக்கில் அடித்திருந்த எண் வேறு. எனக்கு முன் வைத்திருந்தவர்களில் யாரோ இன்ஜினை மாற்றிவிட்டு அறிவிக்காமல் விட்டிருக்கிறார்கள். பண்ணைகளில் உழைத்த பிக்கப்களில் இது அபூர்வம் இல்லை. புது இன்ஜினைப் பதிய வேண்டுமானால் பழைய முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். பழைய ரசீதுகளைத் தேடி, முன்னாள் உரிமையாளரைப் பிடித்து, அவரிடம் எழுதி வாங்குவதற்குள் ஒர்க்‌ஷாப்பில் எனக்குத் தந்திருந்த தேதி கைவிட்டுப் போனது.

ஆகவே, இன்றே போனட்டைத் திறந்து, பிளாக்கில் எண் அடித்த இடத்தை டீகிரீசர் போட்டுத் துடைத்துப் படம் எடுங்கள். பதிவுத் தாளோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணையும் தகட்டையும் அதே கையோடு படம் எடுத்து வையுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இன்ஜின் வாங்கும் யோசனையை நிறுத்திவிட்டு இதைச் சரிசெய்யுங்கள்.

4. இன்ஜினைத் தேடி வாங்குவது

1ஹெச்டி-எஃப்டிஇ இப்போது எங்கும் புதிதாகக் கிடைக்காது. மூன்று இடங்களில் தேடலாம்: விபத்தான 100 சீரிஸ் வண்டிகளை உடைத்து விற்கும் ரெக்கர் யார்டுகள், ஜப்பானில் இருந்து முன்பாதி வண்டியை வெட்டிக் கொண்டுவரும் இறக்குமதியாளர்கள், இன்ஜினை ரீபில்ட் செய்து விற்பவர்கள்.

என் கருத்தில் முழு விபத்து வண்டியையே வாங்க முடிந்தால் அதுவே சிறந்தது. வயரிங், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஆக்சிலரேட்டர் சென்சார், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு), சாவி என்று எல்லாமே ஒரே வண்டியில் இருந்து வரும். வெறும் இன்ஜினை மட்டும் வாங்கிவிட்டு மீதியைத் தனித்தனியாகத் தேடினால் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் அதில் போய்விடும். முக்கியமாக, இம்மொபிலைசர் உள்ள வண்டியின் இசியுவை அதன் சாவி இல்லாமல் வாங்கினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

ஓடுகிற நிலையில் இருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை தள்ளிக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் சோதனைக்கு விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இருந்து வரும் இன்ஜினா, மேனுவலா என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஃப்ளைவீல், கிளட்ச், கிராங்க் முனையில் வரும் சிறு பேரிங் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். இசியுவும் ஆட்டோ கியர்பாக்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

100 சீரிஸ் டர்போவின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், உங்கள் 79-இல் முழு ஆக்சில். அதனால் ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உருவம் ஒத்துவராது. சம்ப்பையும் ஆயில் உறிஞ்சும் குழாயையும் மாற்ற வேண்டும். பழைய இன்ஜினை விற்பதற்கு முன் அதன் சம்ப்பைப் பயன்படுத்த முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

ஜப்பானில் இருந்து வரும் டீசல்கள் சிலவற்றில் ஸ்டார்ட்டர் 24 வோல்ட். உங்கள் வண்டி 12 வோல்ட்.

காகிதம்: இன்ஜின் வந்த வண்டியின் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வாங்கி பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டுத் தளத்தில் தேடுங்கள். கட்டணம் 2 டாலர்தான். கடன் பாக்கி, திருட்டுப் புகார், முழுச்சேதம் என்று பதிவானது எல்லாம் தெரிந்துவிடும். வின் தர மறுப்பவரிடம் வாங்கக் கூடாது. ரசீதில் விற்பவர் பெயர், முகவரி, ஏபிஎன் (வணிகப் பதிவு எண்), இன்ஜின் எண், எந்த வண்டியில் இருந்து எடுத்தது, அந்த வண்டியின் வின், தேதி இவை அத்தனையும் இருக்க வேண்டும். ‘4.2 டர்போ இன்ஜின், ரொக்கம்’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்தில் எதுவும் நடக்காது.

5. கியர்பாக்ஸை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்

1ஹெச்இசட் பிக்கப்பில் இருப்பது ஆர்151எஃப் என்ற கியர்பாக்ஸ். டர்போ பிக்கப்புக்கு டொயோட்டா கொடுத்தது ஹெச்151எஃப். கம்பெனியே பெட்டியை மாற்றியது காரணம் இல்லாமல் இல்லை. பழைய பெட்டியை வைத்தே சிலர் ஓட்டுகிறார்கள். எடை இழுத்துக்கொண்டு ஐந்தாவது கியரில் மேடு ஏறுவதைத் தவிர்த்தால் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் இழுப்பதற்காகத்தானே இன்ஜினை மாற்றுகிறோம்? இன்ஜின் வெளியே இருக்கும்போது பெட்டியையும் மாற்றுவதே மலிவு. பின்னால் மாற்றினால் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டும். பெட்டியை மாற்றும்போது தாங்கும் குறுக்குச் சட்டம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், ஸ்பீடோ சென்சார் மூன்றையும் சேர்த்து விலை கேளுங்கள்.

6. எவ்வளவு ஆகும்

மெல்பர்ன் சுற்றுவட்டாரத்தில் நான் வாங்கிய விலைப்பட்டியல்களை வைத்துச் சொல்கிறேன், எல்லாம் ஆஸ்திரேலிய டாலர், தோராயம். வயரிங், இசியுவோடு நல்ல நிலையில் உள்ள இன்ஜின் 12,000 முதல் 18,000. பழைய ஹெச்151எஃப் 4,000 முதல் 6,000. கிளட்ச், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், மவுண்ட் ரப்பர்கள், ஆயில் எல்லாம் சேர்ந்து 6,000-ஐத் தாண்டும். கூலி 8,000-க்குக் கீழே யாரும் பேசவில்லை. சான்றிதழுக்கு இன்ஜினியரைப் பொறுத்து ஆயிரத்தை ஒட்டி வரும். மொத்தம் 30,000-க்கு மேல். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள், இன்ஜினைத் திறந்த பிறகு ஏதாவது ஒன்று கட்டாயம் வரும்.

இந்தத் தொகையைப் பார்த்ததும் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இருக்கும் பிக்கப்பை விற்று, மேலே பணம் போட்டு, கம்பெனியிலேயே டர்போவோடு வந்த ஹெச்டிஜே79 ஒன்றை வாங்க முடியாதா? சந்தையில் அவை குறைவு, விலையும் ஏறித்தான் இருக்கிறது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியின் சேஸிஸ் துருப்பிடிக்காமல், பின்பக்க டிரே, டேங்க், சஸ்பென்ஷன் எல்லாம் ஏற்கெனவே பணம் போட்டுச் செய்ததாக இருந்தால் மட்டுமே இன்ஜின் மாற்றம் லாபம்.

7. வேலை நடக்கும்போது

நீங்களே செய்வதானால் கிரேனின் தாங்கும் எடையைப் பாருங்கள், இந்த இன்ஜின் 300 கிலோவுக்கு மேல். ஏசி வாயுவை நீங்களே வெளியே விடக் கூடாது. உரிமம் பெற்ற ஆள்தான் இறக்கவும் ஏற்றவும் வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதானால், இதே இன்ஜினை இதே வண்டியில் போட்ட அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். வயரிங் யார் செய்வார் என்று தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் அதற்கு வெளியாள் வருவார். வண்டிகள் மாதக்கணக்கில் நிற்பது அவருக்காகத்தான். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்தவர்களின் வண்டி வரிசையில் கடைசிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் நான்கையும் மாற்றிவிடுங்கள். இன்டேக் குழாயில் படிந்திருக்கும் கரியைச் சுத்தம் செய்யுங்கள். டீசல் ஃபில்ட்டர், தண்ணீர் பிரிப்பான் இரண்டும் புதிதாக இருக்கட்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் பொறுத்துக்கொண்ட தண்ணீரை மின்னணுப் பம்ப் பொறுக்காது, அதைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும்.

பிரேக் பூஸ்டருக்கு டீசலில் தனி வாக்குவம் பம்ப் வேண்டும். இன்ஜினோடு அது வந்ததா, குழாய் சரியாக மாட்டப்பட்டதா என்று பாருங்கள். முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் வண்டியை நகர்த்தும் முன் பிரேக் மிதியை அழுத்திச் சோதியுங்கள்.

இன்டர்கூலரை போனட் மேல் வைத்து காற்று வாய் வெட்டினால் ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது என்ற விதி குறுக்கே வரும். வெட்டும் முன் இன்ஜினியரிடம் அளவைக் கேளுங்கள். சான்றிதழ் கைக்கு வரும் வரை இசியு ட்யூனிங் (இசியுவின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) பக்கம் போகவே வேண்டாம். அவர் கையெழுத்திடுவது அவர் சோதித்த வண்டிக்குத்தான்.

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள்: புது இன்ஜின் எண், மவுண்ட்கள், வெல்டிங் செய்த இடங்கள், பிரேக் குழாய்களுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளி. உள்ளே போய்விட்டால் மறுபடி பார்க்க முடியாது.

8. சான்றிதழ், பதிவு, இன்சூரன்ஸ்

வேலை முடிந்த வண்டியைச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டிக்கொண்டு திரியாதீர்கள். போலீஸ் நிறுத்தினால் குறை அறிவிப்பு ஒட்டுவார்கள், விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். இன்ஜினியரிடம் டில்ட் டிரேயில் (வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரி) ஏற்றி அனுப்புவது நல்லது. அவர் பிரேக், இரைச்சல், புகை, எரிபொருள் குழாய்கள் எல்லாம் பார்ப்பார். எடை மேடைச் சீட்டு கேட்கலாம், முன் ஆக்சில் எடையைத் தனியாகக் குறித்து வாங்குங்கள். ஒரு குறை சொன்னால் சரிசெய்துவிட்டு மறுபடி நேரம் வாங்க வேண்டியிருக்கும், இதற்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

சான்றிதழ் வந்ததும் அதையும் இன்ஜின் ரசீதையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு விக்டோரியாவின் வாகனப் பதிவு அலுவலகமான விக்ரோட்ஸில் இன்ஜின் எண்ணை மாற்றிப் பதியுங்கள். நேரம் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். அசலோடு நகலும் இருக்கட்டும். கவுண்டரை விட்டு நகரும் முன் புது எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இன்ஜின் வாங்கும் முன்பே பேசியிருக்க வேண்டும். மாற்றிய இன்ஜின் என்றாலே சிலர் எடுக்க மாட்டார்கள், சிலர் சான்றிதழ் நகல் கேட்டுப் பிரீமியத்தை ஏற்றுவார்கள். ஒப்பந்த மதிப்பில், அதாவது வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்து, எடுக்கும் பாலிசியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் சந்தை மதிப்பு என்று சொல்லி நீங்கள் போட்ட முப்பதாயிரத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள்.

இன்ஜின் மாறியதால் வண்டி இழுக்கக்கூடிய எடையோ மொத்த எடை வரம்போ மாறாது. தகட்டில் இருப்பதுதான் வரம்பு.

9. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் சில நாள் தினமும் காலையில் ஆயிலும் கூலன்ட்டும் பாருங்கள். எக்ஸாஸ்ட் வெப்பமானியும் பூஸ்ட் மீட்டரும் கட்டாயம் மாட்டுங்கள், வண்டியில் இருக்கும் சூடு காட்டி மிகத் தாமதமாகத்தான் நகரும். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு இன்ஜினைச் சட்டென்று அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்ட்டரும் மாற்றி, மவுண்ட் போல்ட்களை மறுபடி முறுக்கிப் பாருங்கள். டிரெய்லரை அதற்குப் பிறகு மாட்டலாம்.